தோட்டத்து இணைய நிலையம் இனி என்னவாகும்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மஸ்கெலியா மலைச்சாரல்:

போன வாரம் நான் நடத்தும் நிலையத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். கணினிகளை எண்ணினார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள், தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். நிலையத்தை நடத்துவதா, மூடுவதா, வேறு யாரிடமாவது ஒப்படைப்பதா என்று ஒரு சொல் இல்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நெனசல அறிவகம், அதாவது இலங்கை அரசாங்கம் கிராமங்களில் தொடங்கிய கணினி, இணைய நிலையம் என்றால் மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்களுடையது பிள்ளைக் காம்பராவை (தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் இடம்) ஒட்டிய அறை, நான்கு கணினிகள். தொடக்கத்தில் இணைப்புக் கட்டணத்துக்கு மானியம் வந்தது. அது ஆண்டுக்காண்டு குறைந்து ஒருநாள் நின்றது. பிறகு பிரின்ட் காசையும் தட்டச்சு வகுப்புக் காசையும் சேர்த்துத்தான் பில் கட்டினேன்.

2018 இல் ஒரு மாலை. பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு நேராக ஒரு அம்மா வந்தார், கூடவே மகள். மகள் உயர்தரப் பரீட்சையில் நல்ல புள்ளி. பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அதை அச்செடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அன்றுதான் கடைசி நாள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் வைத்து, அது பறக்காமல் இருக்க விரலால் அழுத்திக்கொண்டே நின்றார். கறை ஏறி நகக்கண் வரை கறுத்திருந்த விரல். பிள்ளை பாதி விண்ணப்பத்தை நிரப்பியிருந்தாள். மோடத்தில் பச்சை விளக்கு அணைந்தது. மூன்று மாத நிலுவைக்காக இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன், காலையில் பார்க்கிறோம் என்றார்கள். ஹட்டனுக்குக் கடைசி பஸ் போய்விட்டிருந்தது.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நாளைக்கு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாமல் வரட்டுமா தம்பி?" என்று கேட்டார். நாளைக்கு வந்து பயனில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மகள் சொன்னாள்.

இதைப் போல உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள். மூடவேண்டும் என்று நினைத்தாலும் எழுதுங்கள்.


ஊவா டீச்சர்:

2021, பாடசாலை மூடியிருந்த காலம். என் வகுப்பில் 34 பிள்ளைகள், வாட்ஸ்அப்பில் வந்தவர்கள் 11 பேர். அந்தப் பதினொரு பேரும் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள பாறைக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். எங்கள் பதுளை மாவட்டத்திலேயே போஹிட்டியாவவில் பிள்ளைகள் காட்டுக்குள் நடந்து போய் மரவீட்டில் ஏறிப் படித்ததை வெளிநாட்டுச் செய்தியாளர்கள் படமெடுத்தார்கள். எங்கள் பாறைக்கு யாரும் வரவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒளித்தொகுப்பு பற்றிய கேள்விக்குக் குரல் பதிவாகப் பதில் அனுப்பினான். பாதி காற்றுச் சத்தம். நடுவில் நிறுத்தி, "டீச்சர், கொஞ்சம் பொறுங்கள், காலில் அட்டை" என்றான். சிறிது அமைதி. பிறகு விட்ட இடத்திலிருந்து "பச்சையம் சூரிய ஒளியை உறிஞ்சி" என்று தொடர்ந்தான். அந்தப் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை, கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான் என்று கேள்வி.


கம்பளைக்காரன்:

என் அனுபவம் சின்னது. 2016 பெப்ரவரியில் வானத்திலிருந்து இணையம் தரும் கூகுள் பலூன் ஒன்று கம்பளைப் பக்கம் தேயிலைக்குள் இறங்கியது நினைவிருக்கும். விடுமுறையில் வீட்டில் இருந்தேன், போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் தாள் செடிகளின் மேல் சரிந்து கிடந்தது. என்னோடு வந்த அப்பாயி அதைத் தொட்டுப் பார்த்து, "இதுவா நமக்கு இணையம் கொண்டுவரப் போகிறது?" என்று கேட்டார். அரசாங்கத்துக்கு 25 வீதப் பங்கு, நாடு முழுவதும் வானத்திலிருந்து இணைப்பு என்றெல்லாம் பேசினார்கள். 2021 ஜனவரியில் அந்தத் திட்டத்தையே உலகளவில் மூடிவிட்டார்கள். அப்பாயி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மஸ்கெலியா அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசி நாள்வரை ஏன் காத்திருந்தார்கள்? அந்த நிலையங்களின் காலம் முடிந்துவிட்டது. 2014 இல் நெனசல திட்டத்துக்குக் கேட்ஸ் அறக்கட்டளை 10 லட்சம் டாலர் விருது கொடுத்தது உண்மைதான், ஆனால் அப்போது லயத்தில் எத்தனை கைபேசிகள் இருந்தன? இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. நான்கு பழைய கணினிகளைக் காப்பாற்றப் போராடுவதைவிட இதைச் செய்யுங்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் இங்கே சேவையைத் தொடங்கியது. மாதம் 15,000 ரூபாய் அளவில் வரும், கருவிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். 30 வீடுகள் சேர்ந்தால் வீட்டுக்கு மாதம் 500 ரூபாய்தான். கோயில் கமிட்டி போல ஒரு கமிட்டி போடுங்கள். கருவியைக் கோயில் மண்டபக் கூரையில் வையுங்கள், வானம் திறந்திருக்க வேண்டும், சவுக்கு மரம் மறைத்தால் அடிக்கடி அறுந்துபோகும். ஒரு ரவுட்டர் போதாது, லயத்துக்கு ஒன்றாக வைத்துக் கம்பி இழுங்கள். இடி மின்னல் காலத்தில் கழற்றி வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பிள்ளைகளுக்கு மாலை 6 முதல் 9 வரை, பெரியவர்களுக்கு அதன்பிறகு என்று நேரம் பிரியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கருவிக் காசைக் கேளுங்கள், கட்டாயம் கொடுப்பார்கள். அரசாங்கத்தை நம்பி இன்னும் பத்து ஆண்டுகளை வீணாக்காதீர்கள்.


பொகவந்தலாவை அக்கா:

கம்பளைத் தம்பி, கடைசி நாள்வரை ஏன் காத்திருந்தார்கள் என்று கேட்டுவிட்டீர்கள். மலைக்குப் போகாத நாளுக்கு வரவேட்டில் பெயர் விழாது, பெயர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. போராடிப் போராடி 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு வந்தது. 2018 இல் அந்த அம்மாவுக்கு அதில் பாதிகூட இருந்திருக்காது. வீட்டுக்கு ஒரு கைபேசி இருக்கிறது, உண்மை. அது காலையில் அப்பாவோடு போய் இரவில் திரும்பி வருகிறது. அதில் ரீலோட் இருக்கிறதா என்பது வேறு கதை.

நான் தமிழ்த் தட்டச்சு பழகியது அப்படி ஓர் அறையில்தான். அங்கிருந்து கத்தாரில் இருக்கும் அண்ணனுக்கு எழுதிய முதல் மின்னஞ்சல் நான்கு வரி. அம்மா பக்கத்தில் நின்று, "காய்ச்சல் விட்டதா என்று கேள், காய்ச்சல் விட்டதா என்று கேள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் பதிலை அச்செடுத்துக் கொடுத்தார்கள். அந்தத் தாளை அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். இன்று நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன் என்றால் அந்த அறையால்தான். பழைய கணினி என்று சொல்லாதீர்கள்.


கோபுரம் ஏறியவன்:

பதினோரு ஆண்டுகள் கைபேசிக் கோபுரப் பராமரிப்பில் இருந்தேன். கம்பளைத் தம்பியும் பொகவந்தலாவை அக்காவும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள்.

மலையில் கோபுரம் என்பது ஒரு சங்கிலி. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நுண்ணலையில்தான் போகும், இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மேலே ஒன்று விழுந்தால் அதன் கீழ் உள்ளவை அனைத்தும் ஊமை. முகட்டில் இருக்கும் கோபுரம் டவுனைப் பார்த்து நிற்கும், மலைத் தோளுக்குப் பின்னால் உள்ள லயம் நிழலில் இருக்கும். மின்சாரம் நின்றால் பேட்டரி சில மணி நேரம், பிறகு ஜெனரேட்டர், அதற்கு டீசல், டீசலுக்குப் பாதை. 2020 இல் 'கமட்ட சன்னிவேதனய' என்று கிராமங்களுக்குக் கோபுரம் கட்டும் திட்டத்தைத் தொடங்கினார்கள். நல்ல திட்டம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் கட்டுவதற்குக் கிடைக்கும் காசு டீசலுக்கும் பேட்டரிக்கும் கிடைப்பதில்லை.

2025 நவம்பர் இறுதியில், டிட்வா புயலின்போது, ஒரு கோபுரத்துக்கு நடந்தே போனேன். நான்கு இடங்களில் பாதை இல்லை, பாதையோரம் புதைத்திருந்த ஃபைபரும் மண்ணோடு போய்விட்டது. கோபுரத்தடியில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் மழைக்கு உரச்சாக்கைத் தலையில் கொங்காணி போட்டு நின்றார். கைபேசியைக் கோபுரத்தின் இரும்புக்காலில் ஒட்டி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நெருங்கிப் பிடித்தால் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகள் குடும்பம் மண்சரிவு நடந்த பக்கம். என் சீருடையைப் பார்த்ததும் கைபேசியை என்னிடம் நீட்டி, "சேர், நீங்கள் பிடித்துப் பாருங்கள்" என்றார். வாங்கினேன். வாங்காமல் எப்படி இருக்க முடியும்? சிறிது நேரம் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஜெனரேட்டர் தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. அந்த மகள் பிழைத்தாரா என்று தெரியாமல்தான் இறங்கினேன். மீரியபெத்தையில் 2014 இல் மண் சரிந்தபோதும் பேட்டரி கேட்டோம், எழுதித் தாருங்கள் என்றார்கள்.

கம்பளைத் தம்பிக்கு: வீட்டுக்கு எடுத்த இணைப்பை லயம் முழுக்கக் காசுக்குப் பிரித்துக் கொடுக்க நிபந்தனைகள் இடம் தருவதில்லை, வாசித்துப் பாருங்கள். அதோடு, கூரைக்கு டிஷ் வந்தாலும் லயத்துக்கு மின்சாரம் வேண்டும்.


கம்பளைக்காரன்:

சரி, நிபந்தனையை நான் பார்க்கவில்லை. அக்காவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் அந்த அறைக்கு மாதம் யார் பணம் கட்டுவது என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.


மஸ்கெலியா மலைச்சாரல்:

பதில் என்னிடமும் முழுதாக இல்லை தம்பி. நேற்று தோட்ட அலுவலகத்துக்குப் போனேன். அறை யாருக்குச் சொந்தம் என்று அங்கே முதல் கேள்வி. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, நிலம் அரசாங்கத்தின் குத்தகை, அறையைக் கட்டியது கோயில் கமிட்டி, கணினி திட்டத்தின் காசு. மின்கம்பம் ஒன்று நடுவதற்கே நான்கு பக்கம் கையெழுத்து வேண்டும். பிரதேச சபை மாதக் கட்டணத்தை ஏற்றால் அறையை விட்டுத் தருகிறோம் என்று துரை (தோட்ட மேலாளர்) வாயால் சொன்னார், எழுத்தில் இல்லை. சபையில் போய்க் கேட்டால் தோட்டம் எழுதித் தரட்டும் என்கிறார்கள்.

கோபுர அண்ணா சொன்ன டீசல் கணக்கு எங்கள் அறைக்கும் பொருந்தும். திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட வந்தவர்கள் மாதப் பில்லை யார் கட்டுவார் என்று கேட்கவில்லை, நானும் அன்று கேட்கவில்லை.

தொடக்க காலத்தில் நிலையங்களோடு போட்ட ஒப்பந்தத்தின் பிரதி யாரிடமாவது இருக்கிறதா? அறை, கருவி, இணைப்பு மூன்றும் யார் பொறுப்பு என்று அதில் ஒரு பக்கம் உண்டு, எங்கள் பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் படமெடுத்து அனுப்பினால் போதும். சனிக்கிழமை பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் இடம்) கூட்டம், அந்த மூன்று பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார்.