தண்ணீருக்குப் பதிலா வெறும் சோடா குடிக்கலாமா?

முகில்78:
சர்க்கரை, ஃப்ளேவர் இல்லாத சோடா, நாளுக்கு ஒரு லிட்டர். மீதி சாதாரணத் தண்ணீர். இது தண்ணீர்க் கணக்கில் சேருமா? எலும்பு கரையும், பல் போகும், உப்பு ஏறும்னு ஆளுக்கொன்னு சொல்றாங்க. குடிக்கிறவருக்கு பிரஷர் உண்டு.

தேன்மொழி:
தாராளமா சேரும். கேஸ் கொஞ்சம் ஏப்பமாவும் மீதி மூச்சிலும் போயிடும், தண்ணீர் உள்ளே தங்கும். 2016-ல் பிரிட்டனில் பல பானங்களை ஒப்பிட்ட ஆய்விலும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியலை.

எலும்புப் பயம் கோலாவால் வந்தது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில் (2006) தினமும் கோலா குடிச்ச பெண்களுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி குறைவா இருந்தது. மற்ற கேஸ் பானங்களில் அது தெரியலை.

பிரஷருக்கு லேபிளைப் பாருங்க. தண்ணீரும் ஐஎன்எஸ் (உணவில் சேர்க்கும் பொருளுக்கான எண்) 290-ம், அதாவது கார்பன் டை ஆக்சைடும், மட்டும்னா கவலையில்லை. 500 என்ற எண் இருந்தா சோடியம் பைகார்பனேட் சேர்த்திருக்காங்க. அந்த வகையில் 100 மி.லி.க்குச் சுமார் 20 மி.கி. சோடியம் வரலாம், லிட்டருக்கு 200. நாளுக்கு 2,000-க்குள் இருக்கணும்கிறப்ப, பத்தில் ஒரு பங்கு இதிலேயே போயிடும்.

பல்லவன்_க:
பல்லைப் பத்தி: எனாமல் இளக ஆரம்பிக்கிறது பி.எச். (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே. வெறும் சோடா 4-லிருந்து 5. எண்ணைப் பார்த்துப் பயப்படாதீங்க, அது வலுவில்லாத அமிலம், எச்சிலே சீக்கிரம் சரிக்கட்டிடும். எலுமிச்சை பிழிஞ்சா கதை வேற, 3-க்குப் பக்கத்தில் இறங்கிடும். அதை மேஜையில் வெச்சு மூணு மணி நேரம் மடக்கு மடக்கா குடிக்கிறதுதான் பல்லைக் கெடுக்கும். சாப்பாட்டோட ஒரே மூச்சா முடிங்க, உடனே பல் துலக்காதீங்க, அரை மணி போகட்டும்.

முகில்78:
நன்றி. வீட்டு மெஷினில் போட்டா? சமையல் சோடாவைத் தண்ணியில் கரைச்சாலும் ஒண்ணுதானேன்னும் ஒருத்தர் சொன்னார்.

தேன்மொழி:
ஒண்ணே இல்லை, தயவுசெஞ்சு பிரஷர்காரருக்கு அதைக் கொடுத்துடாதீங்க! ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவில் மட்டும் சுமார் 1,250 மி.கி. சோடியம்.

மெஷின்னா தண்ணீரை ஃப்ரிட்ஜில் நல்லா குளிர வெச்சு கோடு வரைக்கும் மட்டும் ஊத்துங்க. 4 டிகிரியில் கரையுற கேஸ், அறைச் சூட்டில் கரையுறதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. எலுமிச்சை, உப்பு எதுவானாலும் கேஸ் ஏத்தின பிறகுதான். முன்னாடி போட்டா சக்கையைச் சுத்தி குமிழ் திரண்டு, நுரை பொங்கி முனையை அடைச்சிடும்.

அரசூரான்:
ஒண்ணு விட்டுட்டீங்க. நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம் இருக்கிறவங்களுக்குச் சோடா ஒத்துக்காது. கேஸ் இரைப்பையை விரிக்கும், அதன் மேல்பக்கத் திறப்பு தளர்ந்து அமிலம் ஏறும். அவர் மாத்திரையைச் சாதாரணத் தண்ணீரில் போடட்டும், ராத்திரி படுக்கிறதுக்கு ரெண்டு மணி முன்னாடியே சோடாவை நிறுத்தட்டும்.