1944-ல் வானிலை ஆட்கள் பேச்சை ராணுவம் நிஜமாகவே கேட்டதா?

கார்த்தி_87:
நேற்று போனில் மழை வாய்ப்பு 10% என்று காட்டியது. மொட்டை மாடியில் வடாம் காயப்போடலாம் என்று அம்மாவிடம் சொல்லி, சாயங்காலம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த லட்சணத்தில், சாட்டிலைட்டே இல்லாத 1944-ல் வானிலை அதிகாரி சொன்னார் என்று நார்மண்டி தரையிறக்கத்தையே (இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்ஸ் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியது) ஒரு நாள் தள்ளிப் போட்டார்களாம். உண்மையா, இல்லை பிற்பாடு ஊதிப் பெருக்கியதா?

பழைய_வரைபடம்:
உண்மைதான், ஆனால் ஒரே ஆள் சொல்லி நடந்ததில்லை. தலைமைத் தளபதி ஐசனாவரிடம் போய் நின்றவர் வானிலைத் தலைமை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக். அவருக்குப் பின்னால் மூன்று குழுக்கள், தினமும் போனில் வாக்குவாதம். அமெரிக்கக் குழு பழைய வரைபடங்களைப் புரட்டி இதே மாதிரி நாள் முன்பு எப்படிப் போனது என்று பார்த்துக் கணிக்கும். 5-ம் தேதி போகலாம் என்றது. இங்கிலாந்தில் டன்ஸ்டபிள் வானிலை மையத்தில் இருந்த நார்வேக்காரர் பெட்டர்சன் கூடவே கூடாது என்றார். பைலட்டுகளுக்கு நிலா வெளிச்சம் வேண்டும், கடற்கரைத் தடைகள் கண்ணில் பட விடியும்போது கடல் வற்றியிருக்க வேண்டும், இரண்டும் சேர்வது ஜூன் 5, 6, 7-ல்தான், விட்டால் இரண்டு வாரம். 4-ம் தேதி அதிகாலை ஒத்திவைத்தார்கள். அன்று இரவே ஸ்டாக் வந்து, 6-ம் தேதி கொஞ்ச நேரம் ஓயும் என்றார். கிளம்பினார்கள். அடுத்த வாய்ப்புக்குக் காத்திருந்தால் 19-ம் தேதிப் புயலில் மாட்டியிருப்பார்கள். நார்மண்டியில் ஒமாகா என்று பெயரிட்ட கரையில் போட்டிருந்த செயற்கைத் துறைமுகத்தையே அது நொறுக்கிவிட்டது.

தூறல்:
மேலே சொன்னதில் ஒருவரை விட்டுவிட்டீர்கள். அயர்லாந்தின் மேற்குக் கோடியில் பிளாக்சாட் தபால் அலுவலகத்தில் மோரீன் ஃபிளாவின் என்ற பெண், வேலையோடு வேலையாக மணிக்கொரு தரம் பாரோமீட்டரில் காற்றழுத்தம் பார்த்து எழுதி அனுப்புவார். நாடு போரில் நடுநிலை, ஆனாலும் வானிலைக் குறிப்பு மட்டும் பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜூன் 3, அவருடைய 21-வது பிறந்தநாள், நடுராத்திரி தாண்டிய நேரம், அழுத்தம் மளமளவென்று இறங்குகிறது, அதாவது மோசமான வானிலை வருகிறது. அனுப்பிய பிறகு இங்கிலாந்திலிருந்து போன்: சரியாகப் பார்த்தீர்களா, இன்னொரு தரம் பாருங்கள். பார்த்தார், அதே எண். எதற்காகக் கேட்டார்கள் என்று பல வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரியும்.

ரிட்டயர்டு_மெட்:
தம்பி, நான் விமானப்படையில் மெட் அசிஸ்டென்ட்டாக, அதாவது வானிலை உதவியாளராக இருந்தவன். விடியற்காலையில் ஹைட்ரஜன் பலூன் விட்டு, அது புள்ளியாகி மறையும்வரை தியோடலைட்டில் (கோணம் அளக்கும் தொலைநோக்கி) கண்ணை ஒட்டிக்கொண்டு நின்று மேல்காற்றைக் கணக்குப் போடுவோம். கணிப்பு தப்பினால் திட்டு விழும், சரியாக இருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அது பழகிவிடும். ஆனால் தெரிந்த விஷயம் பறக்கிறவன் காதுக்குப் போகவில்லை என்றால் என்ன செய்வது? 1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்க அமெரிக்கா 8 ஹெலிகாப்டர் அனுப்பியது. பாலைவனத்தில் தூசி மேகம் தொங்கும் என்று திட்டத்தின் வானிலைப் பின்னிணைப்பில் குறிப்பு இருந்தது. ரகசியம் ரகசியம் என்று வானிலைக்காரர்களையும் பைலட்டுகளையும் நேரில் பேசவே விடவில்லை, அதனால் தூசிக்குள் நுழைந்த பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. குறைந்தது 6 ஹெலிகாப்டர் வேண்டும், மிஞ்சியது 5, அதனால் பாதியிலேயே கைவிட்டார்கள். திரும்பும்போது விபத்தில் 8 பேர் போனார்கள்.

கார்த்தி_87:
சார், அப்படியானால் 1944-ல் ஜெர்மானியர்களிடமும் வானிலை ஆட்கள் இருந்திருப்பார்களே?

பழைய_வரைபடம்:
இருந்தார்கள், நல்ல ஆட்கள்தான். ஆனால் அங்கே வானிலை மேற்கிலிருந்து வருகிறது, அட்லாண்டிக்கில் அளந்து சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. 1943-ல் நீர்மூழ்கியில் போய் கனடாவின் லாப்ரடார் கரையில் திருட்டுத்தனமாக ஒரு தானியங்கிக் கருவிகூட வைத்துப் பார்த்தார்கள். ஜூன் தொடக்கத்தில் கடல் இருந்த இருப்பைப் பார்த்து, இந்த வாரம் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தார்கள். 6-ம் தேதி அந்தக் கரையைக் காத்த ஜெர்மன் தளபதி ரோமலின் மனைவிக்குப் பிறந்தநாள். மனிதர் ஊருக்குப் போய்விட்டார்.