கனடா அகதிக் கோரிக்கை: அம்மாவும் சித்தியும் தரும் கடிதங்கள் ஒரே மாதிரி இருக்கணுமா?

ஊத்தங்கரைக்காரி:
பெரியம்மா மகன் அண்ணா டொராண்டோவில் கோரிக்கை போட்டு, பி.ஓ.சி படிவமும் (எதனால் அகதிக் கோரிக்கைன்னு விவரம் எழுதற படிவம்) கொடுத்தாச்சு. 2008ல் வவுனியாவில் அவரைப் பிடிச்சுட்டுப் போனது தெரிஞ்சவங்க கடிதம் தரணும்னு வக்கீல் கேக்கறார். அம்மா அப்போ அதே வீட்டில் இருந்தாங்க. சித்தி மன்னாரில் இருந்து ஃபோனில் கேட்டது. ரெண்டு பேரும் இப்போ ஊத்தங்கரை பாம்பாறு அகதி முகாமில். பிடிச்ச தேதி படிவத்தில் பிப்ரவரி 20. அம்மா "மாசி"ங்கறாங்க, சித்தி "பொங்கலுக்கு அடுத்த வாரம்"ங்கறாங்க. முகாம் அட்டையில் அண்ணா பிறந்த வருஷமும் ஒண்ணு தள்ளி இருக்கு. ஒரே மாதிரி டைப் பண்ணிக் கையெழுத்து வாங்கிடலாமா?

காவேரிப்பட்டணம் ராஜா:
அதை மட்டும் செய்யாதீங்க. ரெண்டு கடிதத்திலும் வரிக்கு வரி ஒரே வாசகம் இருந்தா, சொல்லிக் கொடுத்து எழுதினதுன்னு பார்த்ததும் தெரிஞ்சுடும். அம்மா கண்ணால் பார்த்ததை எழுதட்டும். சித்தி, யார் ஃபோன் பண்ணினாங்க, என்ன சொன்னாங்கங்கறதோட நிறுத்தட்டும். பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதினா அங்கதான் உடையும்.

மாசி பிப்ரவரி நடுவில் பிறக்குது, 20 அதுக்குள்ளதான். "மாசி மாதம், தேதி நினைவில்லை"ன்னே இருக்கட்டும். சித்தி சொல்றது தையில் விழுது. படிவத்தைக் காட்டித் திருத்த வைக்காதீங்க. ஃபோன் வந்தப்போ வீட்டில் என்ன விசேஷம், யார் கூட இருந்தாங்கன்னு கேளுங்க. அப்பவும் தையின்னா வக்கீலிடம் அப்படியே சொல்லுங்க. தப்பு படிவத்திலயும் இருக்கலாமே.

தொப்பூர் மொழிபெயர்ப்பு:
கேள்வியிலேயே "அண்ணா"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, மொழிபெயர்ப்பில் மாட்டுறது இதுதான். கடிதத்தில் அது "பிரதர்" ஆயிடும். குடும்ப விவரத்தில் கூடப்பிறந்தவங்க பட்டியலில் அந்தப் பேர் இருக்காது, விசாரணையில் அரை மணி நேரம் அதுக்கே போகும். அம்மா எழுதும்போது "என் அக்கா மகன்"னு எழுதட்டும்.

அடுத்தது "பிடிச்சுட்டுப் போனாங்க". ஒருத்தர் "அரெஸ்ட்"னு பெயர்ப்பார், இன்னொருத்தர் "கடத்தல்"னு. வந்தது யார், சீருடையா சாதா உடையா, எங்க கொண்டு போனாங்க, எத்தனை நாள் கழிச்சு விட்டாங்க, இதைத் தமிழிலேயே தெளிவா எழுதிட்டா பிரச்சினை இல்லை. மொழிபெயர்த்தவர் தன் பேர், எந்த மொழியிலிருந்து, சரியான மொழிபெயர்ப்புங்கற உறுதிமொழி, கையெழுத்து, நாலும் வைக்கணும்.

ஓசூர் நோட்டரி குமாஸ்தா:
கோர்ட் வாசலில் முத்திரைப் பத்திரத்தில் இங்கிலீஷில் அடிச்சு வாங்கறது இங்க வழக்கம். படிக்கத் தெரியாத மொழியில் அம்மா கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஃபோனில் கேட்டா என்ன சொல்வாங்க? தமிழில் கைப்பட எழுதி, அடையாள அட்டை நகலும் ஃபோன் நம்பரும் வைங்க. நோட்டரி முத்திரை கூடுதல் பலம், அவ்வளவுதான். கனடாவில் அது கட்டாயமில்லை.

முகாம் அட்டையை மறைக்க வேண்டாம். பிறப்புச் சான்றில் எந்த வருஷம், அட்டையில் ஏன் மாறுச்சுன்னு அண்ணாவே எழுதிக் கொடுக்கணும். பி.ஓ.சியில் திருத்தம்னா, மாத்தின இடத்தை அடிக்கோடிட்டு, கையெழுத்தும் தேதியும் போட்டு, விசாரணைக்குக் குறைஞ்சது 10 நாள் முன்னாடி போய்ச் சேரணும். கடிதங்களுக்கும் அதே 10 நாள் கணக்குதான், மொழிபெயர்ப்போட. கூரியர் உறையைக் கிழிச்சுப் போடாம அண்ணாவை வெச்சிருக்கச் சொல்லுங்க. கடிதம் ஊத்தங்கரையிலிருந்துதான் போச்சுங்கறதுக்கு அந்த முகவரிச் சீட்டு உதவும்.