பொருள்: டிஃபன்ஸுக்குத் ‘தற்காப்பு’ வேண்டாம், ‘மறிப்பு’ வைப்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் தமிழில் தொகுக்கும் கூடைப்பந்துச் சொற்பட்டியலில் டிஃபன்ஸ் (எதிரணியைக் கூடை போட விடாமல் தடுத்து ஆடுவது) என்ற ஒரே சொல்லில் நம் மடல் இழை இவ்வளவு நீண்டுவிட்டதே என்று இருவர் அலுத்துக்கொண்டிருந்தீர்கள். நீளட்டும். இந்த ஒரு சொல்லைக் கோட்டைவிட்டால், எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார் என்று தமிழில் எழுதப்படும் கட்டுரையெல்லாம் கூடை போட்டவர் பக்கமே சாயும்.

முதலில் ‘தற்காப்பு’. கராத்தே, சிலம்பத்துக்கு அது பொருந்தும், அங்கே தன் உடம்பைக் காத்துக்கொள்வதுதான் பேச்சு. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில் ஆடிய பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸல் எதைக் காத்துக்கொண்டார்? எதிராளி எறிந்த பந்தை அவர் பார்வையாளர் கூட்டத்துக்குள் பறக்க விடமாட்டார். களத்துக்குள்ளேயே நிற்கும்படி தட்டி, தன் அணிக்காரர் கையில் சேர்ப்பார். அடுத்த மூச்சில் செல்டிக்ஸ் எதிர்க் கூடைக்கு ஓடிக்கொண்டிருக்கும். தாக்குதலின் முதல் அடியே அவர் கையில்தான் இருந்தது. அதைப் போய்த் தற்காப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

‘தடுப்பாட்டம்’ கிட்டே வருகிறது. ஆனால் கிரிக்கெட் வர்ணனை அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. விக்கெட்டைக் காப்பாற்ற மட்டையை நீட்டிக் கட்டை போடுவதுதான் படிப்பவர் மனதில் வரும்.

‘நொச்சி’ என்று எழுதிய நண்பரின் யோசனை அழகு. மதில் முற்றுவது உழிஞை, மதில் காப்பது நொச்சி என்று புறத்திணையில் இரண்டையும் சமமான திணைகளாக வைத்தவர்கள் நாம். காப்பவன் வீரமும் பாட்டுக்குரியது என்ற அந்த எண்ணத்தை விடக்கூடாது. சொல்லை மட்டும் விட்டுவிடலாம். களத்தில் நிற்கும் பையனுக்கு நொச்சி ஒரு செடி.

நான் முன்வைப்பது ‘மறிப்பு’. பெரம்பூர் ஐ.சி.எஃப் பக்கம் சாயங்காலம் ஆடும் பிள்ளைகளைக் கவனித்தால் தெரியும், “வழியை மறிச்சு நில்லுடா” என்பது ஏற்கெனவே அவர்கள் வாயில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் இன்னொன்றும் உண்டு. மறித்தல் என்றால் தடுத்தல், மறிதல் என்றால் திரும்புதல். ரஸ்ஸல் மறித்த பந்து மறிந்து எதிர்ப்பக்கம் போயிற்று. ஒரே வேரில் இரண்டு வேலையும் வந்துவிடுகிறது. சாலை மறியல் நினைவுக்கு வருமே என்கிறார் ராயபுரத்து நண்பர். வரட்டுமே, நகர விடாமல் நிற்பதுதானே இரண்டிலும் நடக்கிறது. அப்புறம், மறி என்றால் ஆட்டுக்குட்டி என்று ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் ‘மறிப்பு’ என்று பெயராக்கிய பிறகு அந்தக் குழப்பம் வராது.

ஏன் இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன் என்றால், எண்ணிக்கை கூடை போடும் பக்கத்துக்குத்தான் இருக்கிறது. 1961-62 சீசனில் ரஸ்ஸலின் எதிராளியான வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தார். 1962 மார்ச் 2-இல் ஒரே ஆட்டத்தில் 100. இவை எல்லோருக்கும் மனப்பாடம். அதே சீசனில் மிகச் சிறந்த வீரர் விருது யாருக்குப் போனது? ரஸ்ஸலுக்கு. அந்தக் காலத்தில் அதற்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. ரஸ்ஸலைத் தாண்டிக் கூடைக்குப் போக முயன்றவர்கள் போட்ட வாக்கு அது. எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

என்பிஏவில் பிளாக்கையும் (எறிந்த பந்தைத் தட்டிவிடுவது) ஸ்டீலையும் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) அதிகாரப்பூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். ரஸ்ஸல் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார், சேம்பர்லின் 1973-இல். ஆக இருவருடைய பிளாக் கணக்கும் ஏட்டில் இல்லை. பிறகு வந்த ஹக்கீம் ஒலாஜுவானின் 3,830 பிளாக்குகளை ‘பதிவானவற்றில் அதிகம்’ என்றுதான் எழுதவேண்டும். சிறந்த மறிப்பாளருக்கென்று தனி விருது வந்தது 1982-83-இல்.

சடுகுடுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாடி வருபவரைப் பிடித்து நிறுத்தினால் பிடித்த அணிக்குப் புள்ளி உண்டு. கூடைப்பந்தில் மறித்தவருக்குப் பலகையில் ஒன்றும் ஏறாது. எதிராளி அவரைப் பார்த்துத் தயங்கி, எறியாமலே பந்தை வெளியே கொடுத்துவிட்டால் அது எந்த ஏட்டிலும் வராது. பென் வாலஸின் வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 6 புள்ளிகூட இல்லை. அவர் நான்கு முறை சிறந்த மறிப்பாளர், 2004-இல் டெட்ராய்ட் அணியோடு கோப்பை வென்றவர். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அவர் யாரென்றே தெரியாது.

மறுபக்கமும் சொல்லவேண்டும். ரஸ்ஸலின் 13 சீசன்களில் 11 கோப்பைகள் என்பது அணியின் கணக்கு. பாப் கூசி, சாம் ஜோன்ஸ் போன்றவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். சேம்பர்லினும் வெறும் புள்ளி இயந்திரம் இல்லை, 1960-இல் ரஸ்ஸல் ஆடிய செல்டிக்ஸுக்கு எதிராகவே ஒரே ஆட்டத்தில் 55 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) பிடித்தவர். மைக்கேல் ஜோர்டன் 1987-88-இல் அதிகப் புள்ளி, மிகச் சிறந்த வீரர், சிறந்த மறிப்பாளர் மூன்றையும் சேர்த்து எடுத்தார். இப்படிப்பட்டவர்களுக்கு ‘இருமுனை ஆட்டக்காரர்’ என்று ஏற்கெனவே ஒத்துக்கொண்டோம், அதில் மாற்றமில்லை. ஆனாலும் கட்டுரைகளில் ஜோர்டனின் 35 புள்ளிச் சராசரிக்கு ஒரு பத்தியும் மறிப்புக்கு அரை வரியும்தான் கிடைக்கிறது. என் கணக்கில் ரஸ்ஸல் சேம்பர்லினுக்கு ஒரு படி மேலே. இதை ஏற்காதவர்களும் சொல்லையாவது ஏற்கலாம்.

பட்டியலில் சேர்க்கவேண்டியவை: டிஃபன்ஸ் – மறிப்பு, அதை ஆடுபவர் மறிப்பாளர். மேன் டு மேன் (ஆளுக்கு ஓர் எதிராளியை மறிப்பது) – ஆள் மறிப்பு. ஸோன் (ஆளுக்கு ஒரு பகுதியைக் காப்பது) – பகுதி மறிப்பு. ஸ்டீலுக்குப் ‘பறிப்பு’ சரியாக வருகிறது. பிளாக்குக்குத் ‘தட்டல்’ போதும். அதையும் மறிப்பு என்றே வைத்தால் முழு வேலையும் அந்த ஓர் அடிக்குள் சுருங்கிவிடும்.

ஹெல்ப் டிஃபன்ஸ்தான் இன்னும் நிற்கிறது. தன் ஆளை விட்டுவிட்டுப் பக்கத்துக்காரருக்காக ஓடி வருவதைத் ‘துணைமறிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். சொல்லச் சற்று நீளம். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், அதுவரை இதையே குறித்து வைக்கிறேன்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து