சிறையிலிருந்து வந்தவன் காக்கி அணிந்தால் ஊர் நம்புமா? ஒரு திரைக்கதை ஐயம்

கேள்வி (வெண்திரை)

வணக்கம். நாற்பது நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதிவருகிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வரும் ஒருவன், காவல் ஆய்வாளரின் உடையை அணிந்துகொண்டு ஒரு பேரூராட்சி அலுவலகத்துக்குள் நுழைகிறான் என்பதே கதை. படித்த நண்பர்கள் அனைவரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். அடையாள அட்டையை ஒருவர்கூடக் கேட்காமல் இருப்பாரா என்கிறார்கள். அதற்காக அவனைப் பெரிய சாமர்த்தியசாலியாக மாற்றிப் பார்த்தேன். போலி அட்டை, போலி முத்திரை, தொலைபேசியில் பேச ஒரு கூட்டாளி என்று சேர்க்கச் சேர்க்கச் சிரிப்பு வற்றி, வழக்கமான திருட்டுக் கதையாகிவிட்டது. கறுப்பு நகைச்சுவை கெடாமல் நம்பகத்தன்மையைக் கொண்டுவர வழி உண்டா?

பதில் (பழைய சுருள்)

முதல் வரைவுக்கே திரும்பிவிடுங்கள் என்பது என் கருத்து. நீங்கள் எழுதியதைவிட நம்ப முடியாத ஒன்று 1906 அக்டோபர் 16 அன்று பெர்லினை அடுத்த கோபெனிக் நகரில் உண்மையாகவே நடந்தது. வில்ஹெல்ம் ஃபோக்ட் என்ற 57 வயதுச் செருப்புத் தொழிலாளி, வாழ்நாளில் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தவர், பழைய துணி விற்பவர்களிடம் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்த இராணுவக் கேப்டன் சீருடையை அணிந்து தெருவில் நின்றார். அவ்வழியே வந்த சிப்பாய்களை நிறுத்தித் தன் பின்னால் வரச் சொன்னார், அவர்களும் வந்தார்கள். சுமார் பத்துப் பேரை ரயிலில் கோபெனிக்குக்கு அழைத்துச் சென்று, நகர்மன்றக் கட்டடத்தைக் கைப்பற்றி, மேயரையும் கருவூலரையும் கைது செய்தார். கணக்கை முடிக்கச் செய்து 3557 மார்க் 45 பெனிக் பணத்தைப் பெற்றுக்கொண்டு, பொய்க் கையொப்பத்துடன் ரசீதும் கொடுத்தார். கைதானவர்களைக் காவலுடன் பெர்லினுக்கு அனுப்பிவிட்டு, மீதிச் சிப்பாய்களை அரை மணி நேரம் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார்.

இதில் அவருடைய சாமர்த்தியம் மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். கேப்டன் பதவிக்கு அவர் வயது அதிகம். ஒட்டிய கன்னமும் வளைந்த கால்களும் கொண்டவர். சிப்பாய்களின் கண்ணில் பட்டது சீருடை மட்டுமே. மேயரோ, வந்தவருக்குப் பின்னால் நின்ற சிப்பாய்களைப் பார்த்தார். முதல் ஆள் கீழ்ப்படிந்த பிறகு, அடுத்தவருக்கு அந்த முதல் ஆளே சான்றாகிவிடுகிறார். உங்கள் கதையில் போலி அட்டை செய்ய வேண்டிய வேலையை ஓர் உண்மையான காவலர் செய்துவிடுவார். அலுவலக வாசலில் நிற்கும் அவர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டால், உள்ளே இருக்கும் செயல் அலுவலருக்குக் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

அந்த ரசீதையும் மறந்துவிடாதீர்கள். கொள்ளையடிப்பவன் ரசீது கொடுப்பதும், அதை வாங்கிக்கொண்ட கருவூலருக்குக் கணக்கு நேராகிவிட்டது போலத் தோன்றுவதும் எந்த வசனத்தாலும் எட்ட முடியாத நகைச்சுவை.

பதில் (கூடல் வாசகி)

மேலே உள்ளவர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் இந்தச் சம்பவத்தைத் திரையில் மட்டும் பார்த்துவிட்டு எழுத வேண்டாம். கார்ல் சுக்மேயரின் 1931ஆம் ஆண்டு நாடகமும், அதைத் தழுவி ஹெல்முட் கொய்ட்னர் இயக்கி ஹைன்ஸ் ரூமன் நடித்த 1956ஆம் ஆண்டுத் திரைப்படமும் ஃபோக்டுக்கு ஒரு கடவுச்சீட்டு மட்டுமே தேவைப்பட்டது போலவும், கோபெனிக்கில் கடவுச்சீட்டு வழங்கும் பிரிவே இல்லாததால் ஏமாந்து தாமாகவே சரணடைவது போலவும் காட்டுகின்றன. உண்மையில் அவர் சரணடையவில்லை. சிறையில் உடனிருந்த ஒருவர் காட்டிக்கொடுத்ததால் பத்தாம் நாள் பிடிபட்டார். பணம் வேண்டியே போனவர் அவர். சிறு வயது முதல் திருட்டுக்கும் ஆவண மோசடிக்கும் தண்டனை பெற்றவர்.

ரூமனின் கண்களில் இருக்கும் அந்தக் களைப்பு எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆயினும் ஃபோக்டை அத்தனை அப்பாவியாக்கியதில் கதையின் கசப்பு பாதி கரைந்துபோனது என்றே கருதுகிறேன்.

கற்பனை கலக்காத பகுதியே இன்னும் கூர்மையானது. 1906 தொடக்கத்தில் விடுதலையான ஃபோக்ட், விஸ்மார் நகரில் அரண்மனைச் செருப்புத் தொழிலாளி ஒருவரிடம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தார். முன்னாள் கைதி என்பதற்காகவே காவல்துறை அவரை அங்கிருந்து வெளியேற்றியது. பெர்லினுக்கு வந்து ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டார். ஆகஸ்டில் அங்கிருந்தும் வெளியேற்ற ஆணை வந்தது. உழைத்துப் பிழைக்க அனுமதிக்காத அதே அரசு இயந்திரம், எட்டு வாரம் கழித்துச் சீருடையில் வந்த அதே ஆளின் முன் விறைத்து நின்றது. உங்கள் நாயகன் திருடனாகவே இருக்கட்டும். அவனை நல்லவனாக்க முயலாதீர்கள். ஆனால் காக்கியை எடுப்பதற்கு முன் அவன் எத்தனை கதவுகளைத் தட்டினான் என்பதைக் காட்டுங்கள்.

பதில் (நள்ளிரவுக் காட்சி)

ஒரே ஓர் எச்சரிக்கை. ஃபோக்டுக்கு நான்கு ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. உலகமே சிரித்ததால் 1908இல் பேரரசர் மன்னித்து விடுவித்தார். ஆனால் இதே ஜெர்மனியில், 1945 ஏப்ரலில், வில்லி ஹெரோல்ட் என்ற 19 வயதுச் சிப்பாய் தன் படையிலிருந்து பிரிந்து அலைந்தபோது விமானப்படைக் கேப்டன் ஒருவரின் சீருடையைக் கண்டெடுத்து அணிந்துகொண்டான். அவனையும் எல்லோரும் நம்பினார்கள். எம்ஸ்லாந்து பகுதியில் ஒரு தண்டனை முகாமுக்குள் புகுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகளைக் கொல்ல வைத்தான். 1946இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ராபர்ட் ஷ்வென்ட்கே 2017இல் இதைப் படமாக்கினார். தொடக்கக் காட்சிகளில், அளவு பொருந்தாத அந்தச் சீருடையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அப்படிச் சிரித்ததை நினைத்து வெட்கப்பட்டேன்.

எனவே, ஆடை கிடைத்த பிறகு உங்கள் ஆள் யாரையாவது அடிப்பானா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடித்தால், அடிபட்டவரின் முகத்தைக் காட்டாமல் நகராதீர்கள்.

வெண்திரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. போலி அட்டையையும் கூட்டாளியையும் இன்றே நீக்கிவிட்டேன். வாசலில் சல்யூட் அடிக்கும் காவலர், வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து கையெழுத்திடும்படி என் நாயகனை விரட்டிய அதே காவலராக இருக்கப்போகிறார். தினமும் பார்த்த முகத்தை அவருக்கு இப்போது அடையாளம் தெரியவில்லை. அவன் ஒருவரை அடிக்கக் கை ஓங்கும் காட்சி ஒன்றும் வருகிறது. அதை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எழுதியதும் இங்கேயே பகிர்கிறேன்.