எஃப்1 இரவுப் பந்தயத்தில் தொண்டூழியம்: 47 வயதில் போகலாமா?

யீஷூன் அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு வயது 19, பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மரினா பே எஃப்1 (ஃபார்முலா 1) கார்ப் பந்தயத்துக்கு மார்ஷலாக, அதாவது தடத்தோரம் கொடி காட்டி உதவும் தொண்டூழியராக, போயே தீருவேன் என்று ஒரே பிடிவாதம். ராத்திரி நேரம், தனியாகப் போகாதே என்று அவள் அம்மா சொன்னார். "சரி, அப்பாவும் வரட்டும்" என்று என்னை மாட்டிவிட்டாள்.

எனக்கும் கார்ப் பந்தயத்துக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான். 2008இல் முதல் பந்தயம் நடந்தபோது வேலை முடிந்து சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி, வேலிக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். டிக்கெட் விலை அப்படி.

இந்த ஆண்டு அக்டோபர் 9 முதல் 11 வரை. போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். சம்பளம் கிடையாது என்பது உண்மையா? பந்தயத்தையாவது பக்கத்தில் நின்று பார்க்கலாமா? எனக்கு இடது முழங்கால் அவ்வப்போது மக்கர் செய்யும், சேர்த்துக்கொள்வார்களா? புரட்டாசி மாதம் வேறு, வீட்டில் சைவம். அங்கே சாப்பாட்டுக்கு என்ன வழி?

கொடிக்காரி:

யீஷூன் அப்பா, கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தயம் பார்க்க முடியாது.

நான் 2012இலிருந்து போகிறேன். அப்பா தவறிய வருடம் போகவில்லை, கொவிட்டால் 2020, 2021இல் பந்தயமே இல்லை. மற்ற எல்லா வருடமும் கொடிதான். எனக்குத் தெரிந்த பந்தயம் ஐம்பது மீட்டர் நீளம். அந்த ஐம்பது மீட்டரில் கார் வரும், போகும். யார் முன்னால், யார் பின்னால் என்பது வானொலியில் அரைகுறையாக வரும். பந்தயத்தை நான் பார்ப்பது திங்கட்கிழமை விடிகாலை, வீட்டுக்காரர் பதிவு செய்து வைத்ததை, இரண்டு கால்களையும் வெந்நீரில் வைத்துக்கொண்டு.

2017இல் இந்தத் தடத்தில் முதல் முறையாக மழையில் பந்தயம் தொடங்கியது. முதல் வளைவுக்குள் போவதற்குள்ளேயே சிவப்பு ஃபெராரி கார் ஓட்டிய வெட்டல், ரைக்கோனன் இருவரும் வெர்ஸ்டாப்பனும் மோதிக்கொண்டார்கள். உலகமே பார்த்தது. நான் தடத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தேன். பார்வையாளர் மேடையிலிருந்து கூட்டம் ஒரே குரலில் "ஐயோ" என்றது மட்டும்தான் கேட்டது. அப்புறம் என் வளைவுக்கு வந்த வரிசையில் சிவப்பு கார் ஒன்றுகூட இல்லை. அதை வைத்துத்தான் ஃபெராரிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று புரிந்தது.

கொடி வேலையை யாரும் சரியாக விளக்கிச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். தடத்தோரம் நாங்கள் நிற்கும் இடத்துக்கு நிலையம் என்று பெயர். ஒரு நிலையத்தில் கொடிக்கு இரண்டு பேர். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, மெதுவாகப் போ என்று அர்த்தம். மஞ்சள் கொடிக்காரர் கார் போகும் திசையைப் பார்த்து நிற்பார். அடுத்த நிலையத்தில் என்ன காட்டுகிறார்கள், தடத்தில் ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்பது அவர் கண். நீலக் கொடிக்காரர் கார் வரும் திசையைப் பார்த்து நிற்பார். மெதுவான காருக்குப் பின்னால் ஒரு சுற்று முந்திவிட்ட கார் வந்தால், வழிவிடு என்று நீலத்தைக் காட்ட வேண்டும். ஆக இரண்டு பேரும் எதிரெதிராக நிற்கிறோம். என் முதுகுக்குப் பின்னால் வருவதை அவர் பார்க்கிறார், அவர் முதுகுக்குப் பின்னால் வருவதை நான் பார்க்கிறேன்.

எனக்கு ஐந்து வருடமாக ஒரே ஜோடி, ஒரு சீன அங்கிள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு மாண்டரின் சுத்தமாக இல்லை. காதில் அடைப்பான் இருக்கும்போது எந்த மொழி இருந்து என்ன? புருவத்தைத் தூக்கினால் கார் வருகிறது, தாடையை அசைத்தால் தண்ணீர் குடி. என் அக்கா தங்கையிடம்கூட இவ்வளவு புரிதல் கிடையாது.

முதல் வருடம் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகள் படிக்கட்டும். எஃப்1க்கு முன்னால் நடக்கும் துணைப் பந்தயம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் ஏதோ ஆரவாரம். ஒரே ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். அதற்குள் தடத்தின் நடுவில் ஒரு பம்பர் துண்டு. பக்கத்தில் நின்றவர் என் தோளில் தட்டி மஞ்சளைக் காட்ட வைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிலையத் தலைவர் அப்போது எதுவும் பேசவில்லை. எல்லாம் முடிந்து கொடியைச் சுருட்டும்போது வந்தார். "பந்தயம் பார்க்க ஆசையாக இருந்தால் வீட்டில் டிவி இருக்கிறது" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு எம்ஆர்டியில் அழுதுகொண்டே போனேன்.

சம்பளம் கிடையாது, உண்மைதான். சாப்பாடு பொட்டலத்தில் வரும். சைவம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், அப்புறம் அங்கே போய்ச் சொன்னால் கஷ்டம். எங்கள் பந்தயம் கிட்டத்தட்ட எப்போதும் புரட்டாசியில்தான் வந்து விழும். நான் சனிக்கிழமை விரதத்தை விட்டதில்லை. பையில் ஒரு டப்பா தயிர்சாதம், ஊறுகாய். அங்கிளுக்கு ஊறுகாய் மேல் ஒரு கண்.

முழங்கால் விஷயத்தை மறைக்காதீர்கள். தடத்தில் இறங்குகிறவர்கள் தடுப்பைத் தாண்டி ஓட வேண்டும், துடைப்பத்தோடு ஓட வேண்டும், நின்றுபோன காரைத் தள்ள வேண்டும். இது தெருத்தடம். பெரும்பாலான இடங்களில் ஓரத்தில் புல்லோ சரளையோ கிடையாது, கோட்டைத் தாண்டினால் சுவர்தான். ஆண்டர்சன் பாலம் 1910இல் கட்டியது, அதன்மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நடந்து பார்த்தாலே தெரியும். உங்களைப் போன்றவர்களுக்குப் பிட் பகுதி (கார்களுக்குச் சக்கரம் மாற்றும் இடம்), வாகனப் பரிசோதனை, தகவல் மேசை என்று வேறு வேலைகளும் உண்டு. என்ன, அங்கேயும் நிற்கத்தான் வேண்டும்.

கேலாங் குமார்:

அக்கா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. ஓட்டுநருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். டிக்கெட் நூற்றுக்கணக்கான வெள்ளி. ஹோட்டல்கள் அந்த வாரம் விலையை ஏற்றிவிடுகின்றன. சாலையை மூடினால் எங்களைப் போல டெலிவரி ஓட்டுகிறவர்களுக்குத்தான் அலைச்சல். இவ்வளவு பணம் புரளும் இடத்தில் ஏன் சும்மா உழைக்க வேண்டும்? முதியோர் இல்லத்தில் போய்த் தொண்டூழியம் செய்தால் புண்ணியமாவது கிடைக்கும். இது வியாபாரம்.

இருங்காட்டுக்கோட்டை பழையவன்:

குமார் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விளையாட்டு எல்லா ஊரிலும் இப்படித்தான் நடக்கிறது. மொனாக்கோ, சில்வர்ஸ்டோன், மெல்பர்ன் எங்கே போனாலும் தடத்தோரம் நிற்பவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள்தான்.

நான் சென்னையில் கல்லூரியில் படித்தபோது இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் மார்ஷலாக நின்றேன். சித்திரை வெயில், தகரக் கூரை, மோர் பாக்கெட். 2024இல் தீவுத்திடலைச் சுற்றி இரவுத் தெருப் பந்தயம் நடந்தபோது பழைய நண்பர்கள் சிலர் கொடி பிடித்தார்கள். நேப்பியர் பாலத்தில் கார்கள் சீறிப் போகிற வீடியோவை அனுப்பி என்னை வெறுப்பேற்றினார்கள். அது 3.5 கிலோமீட்டர் தடம். முதலில் 2023 டிசம்பரில் நடத்துவதாக இருந்து, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது.

யீஷூன் அப்பாவுக்கு ஒரே ஒரு விஷயம். இப்போதைய எஃப்1 கார்களில் மின்சக்தியும் உண்டு. கார் நின்றதும் ஓடிப்போய்க் கையை வைத்துவிடக் கூடாது. ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள விளக்கு பச்சையாக இருந்தால்தான் தொடலாம். சிவப்பு என்றால் விலகி நிற்க வேண்டும். பயிற்சியில் சொல்லித்தருவார்கள், தூங்கிவிடாதீர்கள்.

கொடிக்காரி:

குமார் தம்பி, வியாபாரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. புண்ணியத்துக்காகப் போகிறேன் என்றும் நான் சொன்னதில்லை. முதியோர் இல்லத்துக்கும் போயிருக்கிறேன், அது வேறு. வருடம் முழுக்கக் கப்பல் கம்பெனிக் கணக்கைப் பார்க்கிற எனக்கு, அந்த மூன்று ராத்திரி என் கண்ணை நம்பி யாரோ ஒருவர் மணிக்கு 300 கிலோமீட்டருக்குக் கிட்டத்தில் வருகிறார் என்பது பிடித்திருக்கிறது. இதில் சுயநலம்தான் அதிகம். உங்களுக்கு அலைச்சல் என்பதும் உண்மை. ஒவ்வொரு வருடமும் பந்தய வாரத்தில் புதன்கிழமை சாலையை மூடியதிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கும் சாப்பாடு தாமதமாகத்தான் வரும்.

கூலி கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்டால், எனக்கும் பதில் இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

யீஷூன் அப்பா, நேற்று எழுதாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஆபத்து இல்லை என்று உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லாதீர்கள். 2001இல் மெல்பர்னில் ஒரு தொண்டூழியர், வேலி இடைவெளி வழியாகப் பறந்து வந்த சக்கரம் பட்டு இறந்தார். 2013இல் மான்ட்ரியலில் பந்தயமே முடிந்த பிறகு, காரை அப்புறப்படுத்தும் வாகனத்தின் அடியில் சிக்கி ஒருவர் இறந்தார். இங்கே 2016இல் முதல் வளைவுப் பக்கம் ஒரு மார்ஷல் தடத்தில் இருக்கும்போதே பந்தயம் மறுபடி தொடங்கிவிட்டது. ஓட்டுநர் ரோஸ்பெர்க்கின் கார் வருவதைப் பார்த்து அந்த மார்ஷல் ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நல்லவேளை, அடி இல்லை. தடத்தில் இறங்குகிறவர்களோடு ஒருவர் வரும் கார்களையே பார்த்தபடி நிற்க வேண்டும், விசில் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, பயமுறுத்தியது போதும். இந்த ஆண்டு இங்கே முதல் முறையாக ஸ்பிரிண்ட் வருகிறது, அதாவது சனிக்கிழமை ஒரு குறும்பந்தயம். மற்ற வருடங்களில் வெள்ளிக்கிழமை இரண்டு பயிற்சி ஓட்டம் இருக்கும். கார்களுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் அதுதான் ஒத்திகை. இந்த முறை ஒரே ஒரு பயிற்சி, வெள்ளி இரவே ஸ்பிரிண்டுக்கான தகுதிச்சுற்று. புதியவர்களுக்குக் கொஞ்சம் தலைசுற்றும். வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் இப்போதே விடுப்பு எழுதிவிடுங்கள்.

வெயில் இல்லையே, இரவுதானே என்று நினைக்காதீர்கள். 2025இல் இங்கேதான் முதல் முறையாக வெப்ப அபாயம் என்று அறிவித்தார்கள். ஓட்டுநர்களுக்கு உடம்பைக் குளிர்விக்கும் மேலங்கி வந்தது. எனக்கும் அங்கிளுக்கும் ஆளுக்கு ஒரு ஈரத்துண்டு.

உடும்பு வந்தால் என்ன கொடி என்று உங்கள் மகள் கேட்பாள், எல்லாப் புதியவர்களும் கேட்பார்கள். உடும்புக்கென்று தனிக்கொடி கிடையாது. மஞ்சள்தான். 2016இல் வெர்ஸ்டாப்பன் முன்னால் ஒன்று நிதானமாகக் கடந்து போனது. சாக்கடை, ஆறு, பூங்கா எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் வீடு அது.

எங்களுக்குச் சந்தோஷமான பந்தயம் எது தெரியுமா? 2024. விபத்து நடந்தால் எல்லாக் கார்களையும் மெதுவாக்க முன்னால் வரும் பாதுகாப்பு கார், சிங்கப்பூர்ப் பந்தய வரலாற்றில் முதல் முறையாக வெளியே வராமலே முடிந்தது. நாரிஸ் தனியாகப் போய் ஜெயித்தார். மறுநாள் அலுவலகத்தில் "என்னக்கா, ஒரே போர்" என்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

யீஷூன் அப்பா:

அக்கா, பழையவன் சார், நன்றி. குமார், நீங்கள் கேட்டதையே என் மச்சானும் கேட்டார், அக்காவின் பதிலைக் காட்டினேன். கூலி கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்று எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டார்.

வீட்டில் பேசினோம். ஆபத்து பற்றி அக்கா எழுதியதையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஒரு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம், மகள் தடத்துக்குப் போகட்டும், நீங்கள் மேசை வேலைக்குப் போங்கள், ஒரே ரயிலில் திரும்பி வாருங்கள் என்று தீர்ப்பு வந்தது. விண்ணப்பத்தில் சைவம், முழங்கால் இரண்டையும் எழுதியாயிற்று.

கடைசியாக ஒன்று. மகள் புதிதாகத் தோல் பூட்ஸ் வாங்க வேண்டும் என்கிறாள். எந்த மாதிரி வாங்கலாம்?

கொடிக்காரி:

இப்போதே வாங்கித் தினமும் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகச் சொல்லுங்கள். அக்டோபரில் புதுசைப் போட்டுக்கொண்டு வந்தால் சனிக்கிழமை ராத்திரியே கால் கொப்புளித்துவிடும். இரண்டு ஜோடி பருத்திக் காலுறை கூடுதலாக. அப்புறம், உங்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி வைத்துக்கொள்ளலாமா என்று மேசைக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.