புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்பு மூட்டு மாற்று
அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 9.8தான் இருக்கிறது, இடுப்பு மூட்டு மாற்று அறுவையைத் தள்ளிப்போடலாமா என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். தள்ளிப்போட்டோம், அதுதான் சரியான முடிவு. நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றியதில் ஐந்து வாரத்தில் 11.9 வந்துவிட்டது. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை அறுவைக்கு முன் எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவர் சொன்னார். நாமாக நிறுத்தவே கூடாது.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துத்தான் அறுவை. டிரானெக்ஸாமிக் அமிலமும் கொடுத்தார்கள். உறைந்த ரத்தம் சீக்கிரம் கரையாமல் தடுத்து, இழப்பைக் குறைக்கும் மருந்து அது.

அப்புறம் அறுவை முடிந்த மூன்றாம் நாள் ஹீமோகுளோபின் 9.4க்கு இறங்கியதும் பயந்துவிட்டேன். திசுக்களுக்குள் கசியும் ரத்தம் வெளியே தெரியாது, முதல் சில நாள் இப்படி இறங்கும் என்று விளக்கினார்கள். ரத்தம் ஏற்றவில்லை. அறுவைக்கு மறுநாளே வாக்கர் பிடித்து நடந்தார். இப்போது ஆறாவது வாரம். கைத்தடியோடு வாசல்வரை போய்வருகிறார்.